ஆர்க்கிடெக்ட் அலுவலகத்துக்கு மேக்கா, விண்டோஸா? நான்காண்டுச் செலவைக் கணக்கிட முழுமையான வழிகாட்டி

பழைய கணினிகளை மாற்ற நினைக்கும் ஆர்க்கிடெக்டுகள் என்னிடம் காட்டும் தாளில் பெரும்பாலும் இரண்டே வரிகள்தான் இருக்கும். ஒன்றில் மேக் விலை, மற்றொன்றில் விண்டோஸ் கணினி விலை. கழித்துப் பார்த்து, குறைந்ததை வட்டமிட்டிருப்பார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்தக் கணக்குக்கு அப்படியே பொருந்தும். கணினியின் விலை சுண்டைக்காய்தான். மென்பொருள் சந்தா, ஆட்கள் இழக்கும் நாட்கள், பழுது எல்லாம் சேர்ந்ததே சுமைகூலி.

தமிழ்நாட்டில் எட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு சிறிய அலுவலகத்தை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஒரு வாரம் ஒதுக்கினால் கணக்கு முடிந்துவிடும், கடைசிப் படியின் சோதனைக்கு மட்டும் ஒரு மாதம் ஆகும். படிகளின் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். இரண்டாம் படியிலேயே தள்ளுபடியாக வேண்டிய ஒரு தேர்வுக்கு, கடைசிப் படிவரை கணக்குப் போட்டு நேரத்தைத் தொலைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சம்பளப் பட்டியல், கடந்த இரண்டு ஆண்டுகளின் கணினிப் பழுது பில்கள், இப்போது கட்டும் மென்பொருள் சந்தாக்களின் ரசீதுகள், உங்களோடு வேலை செய்யும் ஸ்ட்ரக்சுரல் (கட்டட வலிமை), எம்இபி (ஏசி, மின்சாரம், குழாய்) ஆலோசகர்களின் பட்டியல். இவற்றைத் திரட்ட ஒரு நாள் போதும்.

எல்லோரும் தவறவிடுவது இன்னொன்று உண்டு. யார் எந்த மென்பொருளைத் திறக்கிறார்கள் என்று ஒரு வாரம் குறித்துவைத்த தாள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு தாளை ஒட்டி, திறக்கும்போதெல்லாம் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். "எல்லாரும் எல்லாம் பயன்படுத்துறாங்க" என்று முதலாளி சொல்வார். வார இறுதியில் தாளைப் பார்த்தால், ஐந்து சந்தா கட்டும் மென்பொருளை மூன்று பேர்தான் தொட்டிருப்பார்கள். கணினி வாங்கும் முன்பே பணம் மிச்சமாகும் இடம் இது.

1. அலுவலகத்தை இருக்கைகளாகப் பிரியுங்கள்

"நம்ம ஆபீஸுக்கு எது நல்லது" என்ற கேள்விக்கு விடை கிடையாது. "இந்த இருக்கைக்கு எது" என்று கேட்டால்தான் விடை வரும். எங்கள் எடுத்துக்காட்டு அலுவலகத்தில் தலைமை ஆர்க்கிடெக்ட் ஒருவர், வரைபடமும் பிஐஎம் மாடலும் (பாகங்களின் விவரங்களோடு கட்டடத்தைக் கணினியில் அமைக்கும் முப்பரிமாண மாடல்) செய்யும் நால்வர், ரெண்டர் செய்பவர் (மாடலை நிஜம் போன்ற படமாக்குபவர்) ஒருவர், தள மேற்பார்வைக்குப் போய்வரும் பொறியாளர் ஒருவர், கணக்கும் அலுவலக வேலையும் பார்ப்பவர் ஒருவர்.

இது ஐந்து வகை இருக்கை. தலைமை ஆர்க்கிடெக்ட் பெரும்பாலும் வாடிக்கையாளரிடம் படம் காட்டுவார், பிடிஎஃப்பில் திருத்தம் குறிப்பார். ரெண்டர் செய்பவரின் கணினி இரவு முழுக்க ஓடும். இருவருக்கும் ஒரே மாதிரி வாங்கினால், ஒருவருக்குப் போட்ட பணம் சும்மா கிடக்கும், மற்றவர் ஒவ்வொரு நாளும் காத்துக் கிடப்பார்.

2. மென்பொருளை முதலில் முடிவு செய்யுங்கள்

இந்தப் படிதான் பாதி விடையைத் தருகிறது. அதனால் இங்கே நிதானமாக இருங்கள்.

ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் பிஐஎம் மென்பொருளான ரெவிட் விண்டோஸுக்கு மட்டுமே வருகிறது. 3டிஎஸ் மேக்ஸ், நேவிஸ்வொர்க்ஸ், லூமியன் ப்ரோ ஆகியவையும் அப்படியே. ஸ்ட்ரக்சுரல் பக்கத்தில் ஈடேப்ஸ், ஸ்டாட் ப்ரோ, கணக்குப் பக்கத்தில் டேலி பிரைம் எல்லாமே விண்டோஸ்தான். ஆர்க்கிகேட் (இதுவும் பிஐஎம் மென்பொருள்), வெக்டர்வொர்க்ஸ், ரைனோ, ஸ்கெட்ச்அப், ட்வின்மோஷன் இரண்டிலும் ஓடும்.

வரைபட மென்பொருளான ஆட்டோகேடில்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். மேக்குக்கு ஆட்டோகேட் உண்டு, அதே சந்தாவில் இரண்டிலும் போட்டுக்கொள்ளலாம் என்பதும் உண்மை. ஆனால் ஆர்க்கிடெக்சர் டூல்செட் (சுவர், கதவு, ஜன்னல் வரைவதற்கான துணைக் கருவிகள்) விண்டோஸ் பதிப்போடுதான் வருகிறது. அதைவிட முக்கியம், உங்கள் அலுவலகத்தில் பத்து ஆண்டுகளாகக் கைமாறி வரும் லிஸ்ப் கோப்புகள் (ஆட்டோகேடில் வேலைகளைத் தானாகச் செய்ய எழுதிய சிறு நிரல்கள்). பரப்பளவை எடுத்து அட்டவணை போடுவது, கதவு ஜன்னல் எண்ணுவது என்று தினமும் அவற்றையே நம்பியிருப்பீர்கள். விண்டோஸுக்கே உரிய ஆக்டிவ்எக்ஸ் வழியாக வேலை செய்யும் லிஸ்ப் கட்டளைகள் மேக்கில் ஓடாது. அந்தக் கோப்புகளைத் திறந்து, உள்ளே 'விஎல்ஏ' (vla) என்று தொடங்கும் கட்டளைகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இருந்தால் அவற்றை மாற்றி எழுதும் செலவும் கணக்கில் சேர வேண்டும்.

"மேக்கிலேயே விண்டோஸ் போட்டு ரெவிட் ஓட்டலாமே" என்ற யோசனை ஒவ்வொரு முறையும் வரும். இன்டெல் சிப் உள்ள பழைய மேக்குகளில் பூட்கேம்ப் (மேக்கை நேரடியாக விண்டோஸில் தொடங்கும் வசதி) மூலம் அது முடிந்தது. 2020 நவம்பரில் தொடங்கி வந்த ஆப்பிள் சிப் மேக்குகளில் பூட்கேம்ப் கிடையாது. பேரலல்ஸ் (மேக்குக்குள் விண்டோஸை ஓட்டும் மென்பொருள்) போட்டால் அதற்குள் ஓடுவது ஆர்ம் வகைச் சிப்புக்கான விண்டோஸ், ஆப்பிள் சிப்பும் அந்த வகைதான். இன்டெல் வகைச் சிப்புக்கு எழுதிய ரெவிட் அதன் மேல் மொழிபெயர்ப்பு அடுக்கு வழியாகத்தான் ஓடும், ஆட்டோடெஸ்க் அதை ஆதரிப்பதில்லை. நினைவகமும் இரு இயங்குதளங்களுக்கும் பங்காகிவிடும். எப்போதோ ஒரு முறை கோப்பைத் திறந்து பார்க்க இது உதவலாம். டெண்டர் தேதி நெருங்கும் வாரத்தில் இதை நம்பி ஒரு இருக்கையை வைக்காதீர்கள்.

இங்கேயே ஒரு இருக்கைக்கு ரெவிட் கட்டாயம் என்று தெரிந்தால், அந்த இருக்கைக்கு ஒப்பீடு முடிந்துவிட்டது. விண்டோஸ்தான். அதற்கு மேக் விலை கேட்டு நேரம் போக்க வேண்டாம்.

3. வெளியாட்களின் கோப்புகளைப் பாருங்கள்

உங்கள் அலுவலகம் தனித் தீவு இல்லை. ஆலோசகர் ரெவிட் மாடல் அனுப்புபவராக இருந்தால், நீங்கள் ஆர்க்கிகேடுக்குப் போனால் இடையில் ஐஎஃப்சி கோப்புதான் (பிஐஎம் மென்பொருள்களுக்கான பொதுக் கோப்பு வடிவம்) பாலம். அந்தப் பாலத்தில் சுவர், தூண், உத்தரம் வடிவமாக வந்து சேரும். மூல மென்பொருளில் இருந்தது போலத் திருத்தும் வசதி வராது. வெறுமனே மேல்வைத்து ஒப்பிட்டால் போதும் என்றால் பிரச்சினையில்லை. அதே மாடலில் தொடர்ந்து வேலை செய்ய வேண்டும் என்றால் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் ஒருவரின் அரைநாள் போகும்.

ரெவிட் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு கண்ணி. புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது. ஆலோசகர் எந்தப் பதிப்பில் இருக்கிறார் என்று கேட்டு எழுதிவையுங்கள். புதிய பதிப்புக்குத் தேவையான கணினியையும் அதுதான் தீர்மானிக்கும்.

சின்ன விஷயம்போலத் தெரியும் மூன்றையும் இதே நாளில் சோதித்துவிடுங்கள்: டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் டிரைவர், ப்ளாட்டரின் (பெரிய தாள் அச்சுப்பொறி) டிரைவர், தமிழ் எழுத்துரு. ஒருங்குறிக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருவில் குறிப்பெழுதிய பழைய வரைபடங்கள் இருந்தால், அந்த எழுத்துரு புதிய கணினியில் இல்லாதபோது தமிழ்க் குறிப்பெல்லாம் பொருளற்ற எழுத்துகளாகிவிடும். ஒரு பழைய வரைபடத்தைத் திறந்து, அச்சிட்டு, கையெழுத்திட்டுப் பாருங்கள். அரை மணி நேர வேலை.

4. கணக்கின் காலத்தை நிலைநிறுத்துங்கள்

நான் நான்கு ஆண்டு வைக்கிறேன். மூன்றாண்டு உத்தரவாதத்தோடு வாங்கிய கணினி, அது முடிந்தபின் ஓராண்டு ஓடும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. இரண்டுக்கும் அதே காலத்தை வையுங்கள். "மேக் ஏழு வருஷம் ஓடும்" என்று ஒன்றுக்கு ஏழும் மற்றதற்கு மூன்றும் போட்டால், விடையை முன்பே தீர்மானித்துவிட்டு எண்களைத் தேடுவதாகிவிடும்.

இயங்குதளத்தின் ஆயுளையும் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சிப்பும் வேண்டும். மேக் பக்கம், இன்டெல் மேக்குகள் ஏற்கும் கடைசிப் பதிப்பு மேக்ஓஎஸ் 26 என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய இன்டெல் மேக்கையோ ஆறாம் தலைமுறை கணினியையோ வாங்கினால், நான்காண்டுக் கணக்கு முதலாண்டிலேயே உடைந்துபோகும்.

5. ஒப்பிடத் தகுந்த இரண்டு கணினிகளைத் தேர்ந்தெடுங்கள்

அசெம்பிள் செய்த கணினியின் மிகக் குறைந்த விலையையும் மேக்புக் ப்ரோவின் உயர்ந்த விலையையும் பக்கத்தில் வைப்பதுதான் நான் பார்க்கும் பொதுவான பிழை. மேசைக்கணினியை மேசைக்கணினியோடும், மடிக்கணினியை மடிக்கணினியோடும் வையுங்கள்.

வேலையைப் பொறுத்து எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது மாறும். ரெவிட்டில் பல செயல்கள், சிப்புக்குள் கோர் எனப்படும் கணக்கிடும் பிரிவுகளில் ஒன்றே ஒன்றில்தான் ஓடுகின்றன. அதற்குக் கோர் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகம் முக்கியம். சிபியுவில் ரெண்டர் செய்தால் எல்லாக் கோர்களும் வேலை செய்யும். கிராபிக்ஸ் கார்டில் ரெண்டர் செய்தால் அந்தக் கார்டின் நினைவகம் எவ்வளவு என்பதே கேள்வி. என்விடியாவுக்கே உரிய குடா தொழில்நுட்பத்தை நம்பியிருக்கும் ரெண்டர் மென்பொருளுக்கு என்விடியா கார்டு வேண்டும். ஆப்பிள் சிப் மேக்கில் வெளிக் கார்டு மாட்டவும் வழியில்லை.

மேக்கில் நினைவகத்தைப் பின்னால் கூட்ட முடியாது. நான்காம் ஆண்டில் தேவைப்படுவதை முதல் நாளே வாங்க வேண்டும். விண்டோஸ் மேசைக்கணினியில் இப்போது 32 ஜிபி வைத்து, மூன்றாம் ஆண்டில் இன்னொரு 32 சேர்க்கலாம். ஆகவே மேக் விலையில் பெரிய நினைவகத்தைச் சேர்த்தும், விண்டோஸ் கணக்கில் மூன்றாம் ஆண்டு மேம்பாட்டுக்கு ஒரு வரி சேர்த்தும் எழுதுங்கள்.

சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் கொட்டேஷன் வாங்கினால், அதில் அசல் விண்டோஸ் உரிமம் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். பலரின் கொட்டேஷனில் அது இருக்காது. அசெம்பிள் கணினிக்கு ஒவ்வொரு பாகத்துக்கும் தனி உத்தரவாதம் என்பதையும் மறக்காதீர்கள். போர்டு போனால் கழற்றி, கொண்டுபோய்க் கொடுத்து, மாற்றி வரும்வரை அந்த இருக்கை சும்மா இருக்கும். அலுவலகத்துக்கே வந்து சரிசெய்யும் உத்தரவாதமுள்ள ஒர்க்ஸ்டேஷன் விலை ஏன் கூடுதல் என்பதற்குப் பாதி விடை இது. ஆப்பிளின் வழக்கமான உத்தரவாதம் ஓராண்டு. மூன்றாண்டு வேண்டுமென்றால் ஆப்பிள்கேர் விலையையும் சேருங்கள்.

6. மென்பொருள் கட்டணத்தை ஆண்டுகளால் பெருக்குங்கள்

2016 முதல் ஆட்டோடெஸ்க் புதிய நிரந்தர உரிமம் விற்பதில்லை, சந்தா மட்டும்தான். ஓராண்டுச் சந்தாவை எழுதிவிட்டு நான்கால் பெருக்க மறப்பவர்கள் உண்டு. பெருக்கிய பிறகுதான் கணினி விலை எவ்வளவு சின்னது என்பது கண்ணில் படும்.

திருட்டு நகலைச் செலவில்லாத வரியாக எழுதிக்கொண்டு வருபவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, தெரிந்தே அப்படி ஒரு மென்பொருளைப் பயன்படுத்துவது 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். அந்தப் பொறுப்பை மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒரு வரைவாளரின் தலையில் கட்டுவது நியாயமில்லை. சந்தா கட்டுபடியாகாதென்றால் இருக்கைகளைக் குறையுங்கள், ஆட்டோகேடின் எளிய பதிப்பான எல்டிக்குப் போங்கள், டிடபிள்யூஜி (ஆட்டோகேட் கோப்பு வடிவம்) திறக்கும் மலிவான வேறு மென்பொருளைச் சோதியுங்கள். கணக்கில் மட்டும் உண்மை விலையை எழுதுங்கள்.

7. ஆட்களின் நாட்களை ரூபாயாக்குங்கள்

மாதம் 40,000 சம்பளம், 25 வேலை நாள் என்றால் நாளொன்றுக்கு 1,600. வாடகை, மின்சாரம் முதலியவற்றில் அவர் பங்கைச் சேர்த்து 2,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு எண் இல்லாமல் ஒப்பீடு நகராது.

இதை இரண்டு இடங்களில் போடுங்கள். முதலாவது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதற்கான செலவு. விண்டோஸிலேயே பழகிய கைக்கு மேக்கின் விசைகளும் மென்பொருளின் புது இடங்களும் பிடிபட நாளாகும். மென்பொருளையும் சேர்த்து மாற்றினால் இன்னும் கூடும். டெம்ப்ளேட், லேயர் பெயர்கள், பிளாக்குகள், தலைப்புச் சட்டம் எல்லாவற்றையும் மீண்டும் அமைக்கும் நாட்களும் இதில் சேரும். வாரத்தில் பழகிவிடுவார்கள் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டாவது, கணினி நின்றுபோகும் நாட்கள். உங்கள் பழுது பில்களின் தேதிகளைப் பார்த்து எண்ணுங்கள். ஒரு இயங்குதளத்தை நீங்கள் இதுவரை பயன்படுத்தவே இல்லையென்றால், இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போடுங்கள். "மேக் பழுதாகாது", "விண்டோஸ் எங்கேயும் சரிபண்ணலாம்" என்ற இரண்டும் நண்பர்கள் சொன்னவை. உங்கள் பில்லில் இருப்பவை அல்ல.

கோவையிலோ சென்னையிலோ இருந்தால் இரண்டுக்கும் பழுது பார்க்க ஆள் கிடைப்பார். சிறிய ஊரில் இருந்தால், அங்கீகரிக்கப்பட்ட ஆப்பிள் சேவை மையம் எத்தனை கிலோமீட்டர் என்று பாருங்கள். போய்வரும் நாளும் ஒரு வேலை நாள்தான்.

8. மின்சாரம், யூபிஎஸ், மறுவிற்பனை

இவை சின்ன வரிகள். சராசரியாக 150 வாட் எடுக்கும் மேசைக்கணினி நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 280 நாள் ஓடினால் 336 யூனிட். 40 வாட் எடுக்கும் கணினிக்கு ஏறத்தாழ 90 யூனிட். ரெண்டர் கணினிக்கு மட்டும் இதைத் தனியாகப் போடுங்கள், அதன் சூட்டைத் தணிக்கும் ஏசி உட்பட. யூபிஎஸ் பேட்டரியை நான்காண்டில் ஒரு முறையாவது மாற்ற வேண்டிவரும். இரண்டு பக்கமும் பொதுவான செலவென்றால் விட்டுவிடலாம்.

மறுவிற்பனைக்கு, நான்காண்டு பழைய அதே வகைக் கணினி இன்று என்ன விலைக்குப் போகிறது என்று உங்கள் ஊரில் கேட்டு எழுதுங்கள். மேக்குக்குப் பொதுவாகக் கூடுதலாகக் கிடைக்கும். விற்கவே மாட்டோம், பயிற்சி மாணவர்களுக்குக் கொடுத்துவிடுவோம் என்றால் இரு பக்கமும் பூஜ்யம் போடுங்கள்.

9. வரியை ஆடிட்டரோடு உட்கார்ந்து பாருங்கள்

கணினிக்கும் மென்பொருளுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம். நீங்கள் பதிவு செய்து உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுப்பவர் என்றால் எல்லா விலையையும் வரி நீக்கி எழுதுங்கள். எடுக்காதவர் என்றால் வரி சேர்த்து எழுதுங்கள். ஒரு வரியில் சேர்த்து, அடுத்த வரியில் நீக்கி எழுதினால் கணக்கு உதைக்கும். நான் திருத்திய தாள்களில் அதிகம் கண்ட பிழை இதுதான்.

வருமான வரியில் கணினிக்குத் தேய்மானம் 40 சதவீதம், குறைந்துவரும் மதிப்பின் மேல். 1,40,000 ரூபாய் கணினிக்கு முதலாண்டு 56,000, அடுத்து 33,600. அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதிதான் கிடைக்கும். வாங்குவதானால் செப்டம்பர் முடிவதற்குள் வாங்கிப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவது நல்லது. சந்தாவோ அந்தந்த ஆண்டிலேயே முழுச் செலவு. மொத்த வரவில் பாதியை வருமானமாகக் காட்டும் உத்தேச முறையில் நீங்கள் வரி கட்டுபவர் என்றால் தேய்மானத்தைத் தனியாகக் கழிக்க முடியாது. அப்போது இந்தத் தேய்மானக் கணக்கைத் தாண்டிப் போங்கள்.

10. கூட்டுங்கள்

ஆர்க்கிகேட் போல இரண்டிலும் ஓடும் மென்பொருளுள்ள ஒரு பிஐஎம் இருக்கையை எடுத்துக்கொள்வோம். கீழே உள்ள எண்கள் கணக்கு முறையைக் காட்ட நான் வைத்துக்கொண்டவை. சந்தை விலையாகக் கொள்ளாதீர்கள். எல்லாம் நான்காண்டுக்கு, வரி நீக்கி.

விண்டோஸ்: கணினி 1,40,000. மென்பொருள் ஆண்டுக்கு 1,00,000 வீதம் 4,00,000. பராமரிப்பு 24,000. மூன்றாம் ஆண்டு நினைவகம் 12,000. ஆண்டுக்கு 4 நாள் வேலை நின்றால் 32,000. மின்சாரம் யூனிட் 10 ரூபாய் வீதம் 13,440. மறுவிற்பனையில் 25,000 கழித்தால் மொத்தம் 5,96,440.

மேக்: கணினி 1,70,000. மென்பொருள் 4,00,000. பராமரிப்பு 24,000. பழகும் நாட்கள் 15, அதற்கு 30,000. வேலை நின்ற நாட்களுக்கு 32,000. மின்சாரம் 3,600. மறுவிற்பனையில் 60,000 கழித்தால் மொத்தம் 5,99,600.

கடையில் 30,000 ரூபாயாகத் தெரிந்த வித்தியாசம் நான்காண்டில் 3,160 ஆகிவிட்டது. ஆண்டுக்கு 790 ரூபாய். இரண்டிலும் மூன்றில் இரண்டு பங்கு மென்பொருளுக்கே போயிருக்கிறது.

11. எண்களை ஆட்டிப் பாருங்கள்

மொத்தத்தை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். நிச்சயமில்லாத எண்களை ஒவ்வொன்றாக இரட்டிப்பாக்கிப் பாருங்கள். பழகும் நாள் 15 அல்ல 30 என்றால் மேக் பக்கம் 30,000 ஏறும். அதே ஆள் முன்பே மேக்கில் பழகியவர் என்றால் அந்த வரியே அழிந்து, மேக் 26,840 ரூபாய் குறைவாகிவிடும். மறுவிற்பனை கிடைக்காவிட்டால் விண்டோஸ் 6,21,440, மேக் 6,59,600. விடையைப் புரட்டிப்போடும் எண் எது என்று இப்படித்தான் தெரியும். அந்த எண்ணைச் சரியாகக் கண்டுபிடிக்கவே மீதி நேரத்தைச் செலவிடுங்கள்.

வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் செலவு சமம் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அப்போது அந்த இருக்கையில் உட்காருபவரைக் கேளுங்கள். தினமும் எட்டு மணி நேரம் அதைப் பார்ப்பவர் அவர்.

பின்பு எட்டு இருக்கைகளையும் சேர்த்துப் பாருங்கள். எங்கள் எடுத்துக்காட்டில் டேலியும் லூமியனும் இருப்பதால் கணக்கருக்கும் ரெண்டர் செய்பவருக்கும் விண்டோஸ்தான். மற்றவர்களுக்கு மேக் என்றால் அலுவலகம் கலப்பாகும். கலப்பு அலுவலகத்துக்குத் தனிச் செலவு உண்டு: பராமரிப்பவர் இரண்டும் தெரிந்தவராக இருக்க வேண்டும், பொதுச் சேமிப்பகத்தில் கோப்புப் பெயர்களுக்கு ஒரே விதி வேண்டும். கேள்விக்குறி, நட்சத்திரக்குறி போன்ற குறிகளை விண்டோஸ் கோப்புப் பெயரில் ஏற்காது. மேக்கில் அப்படிப் பெயர் வைத்த கோப்பு, பக்கத்து மேசையில் திறக்காமல் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

12. ஒரே ஒரு கணினி வாங்கி, ஒரு வேலையை முழுதாக முடியுங்கள்

எட்டையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். ஒன்றை வாங்கி, நடந்துகொண்டிருக்கும் ஒரு சிறிய வீட்டு வேலையை அதில் கொடுங்கள். மாடலிலிருந்து ஆலோசகருக்கு அனுப்புவது, திருப்பி வாங்குவது, அனுமதிக்கான வரைபடம் அச்சிடுவது, காப்புநகல் எடுத்து அதிலிருந்து மீட்டுப் பார்ப்பது வரை எல்லாம் அதிலேயே நடக்கட்டும். அனுபவசாலியிடம் கொடுக்காமல், அலுவலகத்தில் சராசரி வேகமுள்ள ஒருவரிடம் கொடுங்கள். தடுமாறிய மணிநேரங்களை அவர் குறித்துவைக்கட்டும்.

ஒரு மாதம் கழித்து அந்த மணிநேரங்களை ஏழாம் படியின் வரியில் போட்டு மீண்டும் கூட்டுங்கள். தாளில் தேதியையும் ஒவ்வொரு விலையும் எங்கே கேட்டது என்பதையும் எழுதிவையுங்கள். சந்தா புதுப்பிக்கும் மாதம் வரும்போது அதே தாளை எடுத்து, மாறிய எண்களை மட்டும் திருத்தினால் போதும்.